ஆப்-ஆம்ப் மாற்றினால் ஒலி மேம்படுமா?

தந்திவீணை:
“ஒரு சிறிய ஐசியை மாற்றியதால் ஒலி திருந்தியது என்பதெல்லாம் மனப்பிரமை” என்று மின்சுற்றன் எழுதியிருந்ததைப் படித்து எரிச்சலடைந்தேன். என் பழைய ஆம்ப்ளிஃபயரின் முன்பகுதியில் இருந்த என்இ5532 என்ற ஆப்-ஆம்ப்பை (ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் ஐசி) கழற்றி, அதன் இடத்தில் ஓபிஏ2134-ஐப் பொருத்திய பிறகு, மிருதங்கத்தின் தொப்பி குழையாமல் கேட்கிறது. தம்பூராவுக்குப் பின்னால் இருந்த இரைச்சலும் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளாகக் கச்சேரி கேட்டுப் பழகிய காது இது.

மின்சுற்றன்:
காதின் வயதை நான் கேட்கவில்லை. தயாரிப்பாளரின் தரவுத்தாளின்படி, இரைச்சலை அளக்கும் அலகான ‘ரூட் ஹெர்ட்ஸுக்கு நானோவோல்ட்’ கணக்கில் 5532-க்கு 5, 2134-க்கு 8. கூடுதல் இரைச்சலுள்ள ஐசியைப் போட்டதால் இரைச்சல் குறைந்தது என்கிறீர்கள். ஒலிப்பதிவுக்கூடங்களின் கலவை மேசைகளில் பல்லாண்டுகளாக உழைத்துவரும் 5532 உங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் தோற்றுவிட்டதா?

வெள்ளீயம்:
தரவுத்தாளின் ஒரு வரியை மட்டும் படித்தால் போதாது, மின்சுற்றன். நீங்கள் சொன்னது மின்னழுத்த இரைச்சல்; 5532-க்கு உள்ளீட்டு மின்னோட்டத்தின் அலைவால் வரும் மின்னோட்ட இரைச்சலும் உண்டு, அது 0.7 பிக்கோஆம்பியர். ஐசிக்கு முன்னால் 50 கிலோஓம் வால்யூம் கட்டுப்பாடு இருந்தால், அதன் நடுநிலையில் மூலமின்தடை (ஐசியின் உள்ளீட்டுக்கு முன்னுள்ள மின்தடை) 12.5 கிலோஓம் வரை உயர்கிறது. அந்த மின்னோட்டம் அதன் வழியே பாயும்போது ஏறத்தாழ 9 நானோவோல்ட் தனியாகச் சேர்கிறது. உள்ளீட்டில் மின்னோட்டமே எடுக்காத அளவுக்கான எஃப்இடி வகை டிரான்சிஸ்டர் கொண்ட 2134-இல் இது இல்லை என்றே சொல்லலாம். வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பு வருவதற்கும் 5532-இன் உள்ளீட்டு மின்னோட்டம் ஒரு காரணம்.

மின்சுற்றன்:
அதே 12.5 கிலோஓம் மின்தடை தன் வெப்பத்தால் மட்டுமே 14 நானோவோல்ட் இரைச்சலைத் தருகிறது. அனைத்தையும் கூட்டினால் இரண்டு ஐசிகளுக்கும் இடையில் எஞ்சுவது அரை டெசிபெல்லைச் சற்றே தாண்டும். அதைத் தம்பூராவுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன் என்பவரிடம் நான் என்ன பேசுவது? 5-ஐவிட 8 பெரியது.

தந்திவீணை:
சென்ற ஆண்டு ஸ்பீக்கர் ஒயர் பற்றிய பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அனைவரையும் வாயடைக்கச் செய்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. எண்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் பாட்டைக் கேட்கிறேன்.

வெள்ளீயம்:
ஒன்று கேட்கிறேன், தந்திவீணை. ஐசியுடன் கப்பாசிட்டர்களையும் மாற்றினீர்களா?

தந்திவீணை:
அருகில் இருந்த நான்கு எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்களையும் மாற்றினேன். அதனால் என்ன?

மின்சுற்றன்:
அதுதான் எல்லாமே! உள்ளிருக்கும் திரவம் உலர்ந்து, கொள்ளளவு குறைந்து, உள்மின்தடை ஏறிய கப்பாசிட்டர்களை நீக்கியது பழுதுபார்ப்பு. அதை மேம்பாடு என்று சொல்லி ஐசிக்குப் புகழ் சேர்க்கிறீர்கள். ஒலியளவை 0.1 டெசிபெல்லுக்குள் சமப்படுத்தி, எந்த ஐசி ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுச் சொல்லுங்கள். அதுவரை 8 பெரியது, 5 சிறியது.

வெள்ளீயம்:
மின்னோட்ட இரைச்சலை மீண்டும் விட்டுவிட்டீர்கள்.

தந்திவீணை:
என் வீட்டில் எனக்குத் தேர்வு வைக்க நீங்கள் யார்? பழைய கப்பாசிட்டர்களைக் குப்பையில் போட்டாயிற்று. 2134 இருந்த இடத்திலேயே இருக்கும்.

மின்சுற்றன்:
போடும் முன் அவற்றை அளந்தீர்களா?