இணை வாழ்க்கைக் கதையில் விதி ஜெயித்தால் தேர்வுக்கு என்ன வேலை?

இரவுவாசகி:
பதின்ம வயதினருக்கான நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 17 வயதுப் பெண், வெளியூர் கல்லூரிக்குச் சரி சொன்னால் ஒரு வாழ்க்கை, மறுத்தால் இன்னொன்று, இரண்டும் அத்தியாயம் மாற்றி அத்தியாயமாகப் போகின்றன, கடைசியில் இரண்டிலும் அதே பையனைச் சந்திக்கிறாள். படித்த தோழி, "எப்படியும் அவன்தான் என்றால் நான் எதற்கு இவ்வளவு பக்கம் படிக்கணும்?" என்கிறாள். விதியையும் விடாமல் தேர்வையும் காப்பாற்ற வழி உண்டா?

மழைக்குருவி:
தோழி கேட்டது நியாயம்தான். சந்திப்பு விதியாகவே இருக்கட்டும், ஆனால் சந்திக்கும்போது அவள் யாராக இருக்கிறாள் என்பதைத் தேர்வு முடிவு செய்யட்டும். தனியாக வாழப் பழகியவளுக்கும், வீட்டிலேயே இருந்து நோயாளித் தம்பியைப் பார்த்துக்கொண்டவளுக்கும் ஒரே பையனைப் பிடித்தாக வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒன்றில் அவனைக் கண்டும் பேசாமல் போய்விடலாமே.

கடைசிபெஞ்ச்:
இரண்டு வாழ்க்கைக்கும் விளக்கம் சொல்கிறேன் என்று தயவுசெய்து நடுவில் குவாண்டம் இயற்பியலை இழுக்காதீர்கள். 1957இல் இயற்பியலாளர் ஹியூ எவரெட் முன்வைத்த கருத்தை வளர்த்துச் சொல்லும் பல உலக விளக்கத்தில், உலகம் பல உலகங்களாகக் கிளைப்பது அணு, எலக்ட்ரான் அளவில் நடக்கும் குவாண்டம் நிகழ்வுகளால், யாரோ கல்லூரியை மறுத்ததால் அல்ல. அப்புறம், எந்த வாழ்க்கை என்று அத்தியாயத் தலைப்பிலேயே காட்டிவிடுங்கள், பாதிப் புத்தகத்தில் குழம்பினால் மூடி வைத்துவிடுவேன்.

இரவுவாசகி:
பேசாமல் போவதா! எந்த வாழ்க்கையில்?

மழைக்குருவி:
வாசகர் இதுதான் நல்ல வாழ்க்கை என்று நம்பிக்கொண்டிருப்பதில்.