கலைச்சொல் வேண்டும்: பள்ளிப் பிள்ளைகளின் கண்ணுக்கு ‘ஸ்கிரீனிங்’

அணைக்கட்டு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பெற்றோருக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கண் பார்க்கும் கையடக்கக் கேமரா வருகிறது. ஒரு மீட்டர் தள்ளி நின்று பிடித்தால் போதும். அகச்சிவப்பு ஒளி விழித்திரையில் பட்டுத் திரும்புவதை வைத்து, பவர் குறைபாடு, இரு கண்ணுக்கும் உள்ள பவர் வித்தியாசம், மாறுகண் என்று எதில் சந்தேகம் இருந்தாலும் காட்டும். எழுத்து தெரியாத பால்வாடிக் குழந்தைக்கும் ஆகும்.

இது ‘ஸ்கிரீனிங்’, அதாவது சந்தேகம் உள்ள பிள்ளைகளைப் பிரித்தெடுப்பது மட்டும். வரைவில் ‘கண் பரிசோதனை’ என்று இருக்கிறது. அது வேண்டாம். முந்தைய முகாமில் சீட்டு கொடுத்தும் ஒரு தாய் மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. “அதான் டெஸ்ட் எடுத்துட்டாங்களே, டீச்சர்” என்றார். அந்தப் பெண் இன்றும் தலையைச் சாய்த்துத்தான் கரும்பலகையைப் பார்க்கிறாள். சோதனை முடியவில்லை, இனிமேல்தான் என்று புரியவைக்கும் சொல் வேண்டும்.

வாலாஜாபேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நல்ல கேள்வி. சலித்தல் பொருந்தும், ஆனால் ‘சலிப்பு’ என்றால் மனம் வேறு பக்கம் போய்விடும். அரிசியில் கல் பிரிப்பது அரித்தல். ‘பார்வை அரிப்பு’ எனலாமா? இல்லையேல் ‘கண்ணோட்டம்’. கண்+நீர் கண்ணீர் ஆனதுபோல கண்+நோட்டம் கண்ணோட்டம் ஆகும்.

குடியாத்தம், ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பவர் பார்ப்பவர்):

ஐயா, கண் அரிப்பு என்று எழுதினால் அலர்ஜிக்குச் சொட்டு மருந்து கேட்டு வருவார்கள். டீச்சர் சொல்வது ரொம்ப முக்கியம். சின்னப் பிள்ளைகள் தசையை இறுக்கித் தூரப்பார்வையை மறைத்துவிடுவார்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் சரியான பவர் தெரியும். கேமரா அந்த வேலையைச் செய்யாது. ஒரு கண்ணில் பார்வை வளராததற்கு எழுதும் ‘சோம்பல் கண்’ (lazy eye) என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். பிள்ளை சோம்பேறி என்று திட்டுகிறார்கள். மூளைக்கு அந்தக் கண்ணிலிருந்து தெளிவான படம் பழகவில்லை, அவ்வளவுதான். சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் நன்றாகத் தேறும்.

ஆம்பூர்:

கண்ணோட்டம் என்பது கண்+ஓட்டம். திருக்குறளில் 58ஆம் அதிகாரமே அதற்கு இருக்கிறது, பொருள் இரக்கம். அதை நோட்டமாகப் பிரிப்பது வள்ளுவருக்குச் செய்யும் அநியாயம்.

வாலாஜாபேட்டை:

இரண்டு பிரிப்பும் புணர்ச்சி விதிக்கு உட்பட்டவையே. சரி, கண்ணோட்டத்தை விடுகிறேன், நோட்டத்தை விடமாட்டேன். காசு நல்லதா கள்ளதா என்று பார்த்தவர் நோட்டக்காரர். பார்த்துப் பிரித்து வைப்பதுதானே ஸ்கிரீனிங்? ‘பார்வை நோட்டம்’ என்று வைப்போம்.

ஆம்பூர்:

கன்னடத்தில் ‘நோடு’. எல்லையோரப் பேச்சைக் கலைச்சொல்லாக்குகிறீர்கள்.

வாலாஜாபேட்டை:

நோடும் நோட்டமும் உறவுதான், ஐயா. உறவு வேறு, கடன் வேறு.

காட்பாடி, மென்பொருள்:

‘ஸ்கிரீனிங்’ என்றே விடுங்கள். வேலூரில் ஷெல் என்றால் ஆரணி ரோட்டுக் கண் ஆஸ்பத்திரி. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-இல் திறந்த மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனையின் பெயர் அது. நம் ஊர்ப் பெயராகிவிட்டது, யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. பார்வை அளக்கும் போன் செயலியிலும் இதே பாடுதான். போனில் ஆங்கில ‘E’ எழுத்து திரும்பித் திரும்பி வரும், பிள்ளை அதன் கால் நீண்ட பக்கம் கையைக் காட்டும், சோதிப்பவர் திரையைப் பார்க்காமல் அந்தப் பக்கமே விரலால் தள்ளுவார். அங்கும் ‘பரிசோதனை முடிந்தது’ என்றுதான் வருகிறது. அதையாவது மாற்றச் சொல்கிறேன்.

குடியாத்தம்:

‘நோட்டம் விடறான்’ என்றால் எங்கள் தெருவில் திருடன். கேமராவோடு வருபவரை அப்படி எழுதலாமா? ‘முதற்கட்டக் கண் பார்வை’ போதும்.

அணைக்கட்டு:

பள்ளி வாசலில் நாலு தாய்மாரிடம் மூன்றையும் வாசித்துக் காட்டினேன். ஸ்கிரீனிங்குக்கு “ஸ்கேனா?” என்றார்கள். நோட்டத்துக்குச் சிரித்தார்கள். ‘முதற்கட்டம்’ என்றதும் ஒருவர் “அப்ப ரெண்டாவது எங்க?” என்று கேட்டார். எனக்கு வேண்டிய கேள்வி அதுதான். ‘முதற்கட்டக் கண் பார்வை’ என்று தலைப்பிலும், இரண்டாம் கட்டம் எங்கே, எந்தத் தேதியில் என்று அடியிலும் போட்டு அனுப்பிவிட்டேன்.

வாலாஜாபேட்டை:

அச்சுக்குப் போகட்டும், அம்மா. ஆனால் ‘முதற்கட்டம்’ அடைமொழிதான், அந்தச் செயலுக்குப் பெயர் ஆகாது. அடுத்த பதிப்புக்கு நோட்டத்தைப் பட்டியலில் வையுங்கள்.