மூன்றாம் நாள் கிரியேட்டினின் ஏறியபோது: குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் அனுபவங்கள்

26 வாரத்தில் பெற்ற அம்மா:

என் மகள் பிறந்தபோது 840 கிராம். முதல் நாள் ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, 0.8. மூன்றாம் நாள் 1.3. ரிப்போர்ட்டைப் பார்த்து என் கணவர், "கிட்னி போயிடுச்சா?" என்றார். ஆபரேஷன் தையல் வலியோடு என்ஐசியு (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசலில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை கால் ஓடவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறந்த அன்று வரும் அளவு பெரும்பாலும் என் ரத்தத்தினுடையது, நஞ்சுக்கொடி வழியாக அவளுக்குப் போனது. 34, 36 வாரம் வரைக்கும் சிறுநீரகத்தில் புது வடிகட்டிகள் உருவாகிக்கொண்டே இருக்குமாம். அதனால் இவ்வளவு சீக்கிரம் பிறந்த பிள்ளைகளுக்கு முதல் சில நாள் கிரியேட்டினின் ஏறி, அப்புறம் வாரக்கணக்கில் மெல்ல இறங்கும். ஏறிக்கொண்டே போனாலோ, சிறுநீர் குறைந்தாலோதான் பயப்பட வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்தது டயப்பரைத்தான். சிஸ்டர் காய்ந்த டயப்பரை எடைபோட்டு 11 கிராம் என்று அதன் மேலேயே பேனாவால் எழுதுவார். மூன்று மணி நேரம் கழித்து அது 16 கிராம். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி கணக்கு. "அஞ்சு மில்லி போயிருக்கா, நல்லா போறாம்மா" என்பார். அந்த ஐந்து மில்லிக்காக நான் வேண்டாத தெய்வம் இல்லை.

இரண்டாம் நாள் சோடியம் 151 வந்ததும் உப்பு கூடிவிட்டது என்றுதான் நினைத்தோம். கூடியது உப்பு இல்லை, குறைந்தது தண்ணீர். நரம்பு தெரியும் அளவுக்கு மெல்லிய தோல், அது வழியாகவே நீர் ஆவியாகிப் போய்விடுகிறது. இன்குபேட்டர் ஈரப்பதத்தை 80 சதவீதத்துக்கு ஏற்றினார்கள். உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்து அவள் முகமே தெரியவில்லை. டிரிப்ஸையும் கொஞ்சம் கூட்டினார்கள். நிறையவே கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அதிகம் போனால் நுரையீரலில் நீர் சேரும், இதயத்துக்குப் பக்கத்தில் மூட வேண்டிய ரத்தக்குழாய் மூடாமல் நிற்கும் என்றார்கள். நான்காம் நாள் எடை 735 கிராம். முதல் வாரத்தில் அவ்வளவு இறங்குவது எதிர்பார்த்ததுதானாம்.

என்ஐசியு நர்ஸ்:

பொட்டாசியத்தையும் சொல்ல வேண்டும். சிறுநீர் நன்றாகப் போகும்போதே முதல் மூன்று நாளில் அது ஏறலாம், இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். ஆனால் குதிகாலில் குத்திப் பிழிந்து எடுத்த ரத்தத்தில் செல்கள் உடைந்து, இல்லாத பொட்டாசியத்தையும் காட்டும். அதனால்தான் தொப்புள் லைனிலிருந்து (தொப்புள் ரத்தக்குழாயில் போட்டிருக்கும் மெல்லிய டியூப்) மறுபடி எடுக்கிறோம். "எத்தனை தடவைதான் ரத்தம் எடுப்பீங்க" என்று பெற்றோர் அழுவார்கள். 840 கிராம் குழந்தை உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 70 மில்லி, ஒரு சின்ன டம்ளர்கூட இல்லை. எடுக்கும் ஒவ்வொரு அரை மில்லியையும் கணக்கு எழுதித்தான் வைக்கிறோம்.

29 வார மகனின் அப்பா:

எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. மூன்றாவது வாரம் சோடியம் 128. பால் செரிக்கிறது, ஆனால் எடை மட்டும் ஏறவில்லை. அவன் சிறுநீரகத்துக்கு இன்னும் உப்பைப் பிடித்து வைக்கத் தெரியவில்லை, சிறுநீரிலேயே போகிறது என்றார் டாக்டர். தாய்ப்பாலில் அளந்து உப்புக் கரைசல் கலந்து டியூப் வழியாகக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் 134. அந்த ஒரு வாரத்தில் 110 கிராம் ஏறினான்.