ஆற்றுக்குள் கிடந்த தேக்கு

காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீடு. முகப்பை ஒட்டிய அறைச் சுவருக்குப் பலகை அடிக்க, இடித்த வீட்டு உத்தரம் தேடி மரக்கடைக்குப் போனேன். கிடைத்தது கேரளத்துத் தேக்குக் கட்டை மூன்று. மேலெல்லாம் கருஞ்சேறு. "ஆத்துக்குள்ள கெடந்தது" என்றார் கடைக்காரர்.

நான் தயங்கினேன், ஆசாரி தயங்கவில்லை. சேற்றுக்குள் காற்று கிடையாது, காற்றில்லாமல் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை வளராது. வெளிறு (வெளிப்பக்கத்து மென்மரம்) போனாலும் வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) நிற்கும் என்றார். "ஒங்க வீட்டு பர்மாத் தேக்கும் ஐராவதி ஆத்துல தெப்பமா வந்ததுதான செட்டியாரே!" பச்சைத் தேக்கு மிதக்காது. அதனால் அங்கே நிற்கிற மரத்தின் அடியில் வளையமாக வெட்டி, இரண்டு மூன்று வருஷம் காயவிட்டுத்தான் சாய்ப்பார்களாம். சரியாகக் காயாதது வழியிலேயே மூழ்கும்.

மில்லில்தான் வினை. விரிசலுக்குள் இருந்த மணலில் ரம்பத்தின் பல் மழுங்கியது. மில்காரர் அப்புறம் என்னோடு பேசவேயில்லை.

அடுத்த தப்பு என்னுடையது. முதல் கட்டையின் பலகைகளைச் சித்திரை வெயிலில் பரப்பினேன். நாலே நாளில் முனையெல்லாம் வாய் பிளந்துவிட்டது. மீதியை வளவுத் (உள்முற்றத்துத்) தாழ்வாரத்தில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, முனைகளில் மெழுகு பூசி விட்டோம். ஒரு அங்குலப் பலகைக்கே ஆறு மாதம். ஈரமானி 12 சதவீதம் காட்டிய பிறகுதான் இழைப்புளியைத் தொட்டார் ஆசாரி. சாம்பல் நிறம் போய், கருங்கோடு ஓடும் தேன் நிறம் வந்தது. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட வேண்டுமே, ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து இடைவெளி விட்டுப் பலகையைப் பொருத்தினோம்.

*

உங்கள் தேக்குக் கதையைப் படித்தேன். மரத்தை ஏற்றிவர அனுமதிச் சீட்டு வாங்கினீர்களா? நான் வாங்காமல் ஏற்றிவந்து செக்போஸ்டில் இரண்டு நாள் கிடந்தேன். மிதந்து வந்த மரமோ மூழ்கிய மரமோ, உரிமையை நிரூபிக்கும்வரை அரசாங்கத்துச் சொத்து என்கிறது வனச் சட்டம். இது தெரிந்தது லாரி வாடகை ஏறிய பிறகு.

*

நானும் உங்கள் கதையைப் படித்தேன். தேவகோட்டையில் எங்கள் ஐயா வேப்பங்கட்டையைக் கண்மாயில் ஊறப்போடுவார். மாவுச்சத்து கரைந்துவிடும், அப்புறம் உளுக்காது. (குடிக்கிற ஊருணியில் போட்டால் ஊரே அடிக்க வரும்!)

*

தேக்கு வாங்கிய நான்தான். சீட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: அதைக் கடைக்காரரே கொடுத்துவிட்டார். பிளந்த பலகைகளை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆச்சி நல்ல பாகமாக அறுக்கச் சொல்லி ஆறு மணை செய்துகொண்டார்.