மறுமொழி: மாதிரிப் போர்க்கப்பலில் பொருத்தும் லேசருக்கு எந்தச் சொல்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

> ரேடியோவில் ஓட்டும் மாதிரிப் போர்க்கப்பல் சண்டை பற்றிய கட்டுரையில், பீரங்கியோடு பொருத்தும் லேசரை "சீரொளிக் குறிநோக்கி" என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

லேசரைச் சீரொளி என்பதில் எனக்குச் சண்டையில்லை. "நோக்கி"யோடுதான் சண்டை. தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று வருகிற இடமெல்லாம் கருவிக்குப் பின்னால் ஒரு கண் இருக்கும். துப்பாக்கியில் இருப்பதைக் குறிநோக்கி என்றால் அதுவும் சரிதான். கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறோம். இந்த ஆட்டத்தில் பீரங்கிக்குப் பின்னால் கண்ணே கிடையாது. கண் கரையில் நிற்கிறது, சில நேரம் முழங்கால் தண்ணீரில்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1970களின் இறுதியில் அமெரிக்காவில், டெக்சஸ் பக்கம் உருவெடுத்த பொழுதுபோக்கு இது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓடிய போர்க்கப்பல்களை 144-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கிச் செய்து, குளத்தில் விட்டு, ஒன்றையொன்று நிஜமாகவே ஓட்டை போட்டு மூழ்கடிப்பார்கள். 251 மீட்டர் நீளமிருந்த ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் இங்கே 1.74 மீட்டர். பக்கச்சுவர் மெல்லிய பால்சா மரத்தகடு. உள்ளே கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்று இருக்கும். அந்த அழுத்தத்தில் 4.5 மி.மீ. பால்ரஸ் என்கிற இரும்பு உருண்டை சீறிக்கொண்டு வெளியே வரும். மூழ்கிய கப்பலைத் தூக்கி, நீரை வடித்து, ஓட்டைகளை ஒட்டி, மறுபடி இறக்குவார்கள். இதில் இரண்டு மரபு உண்டு. ஒன்றில் எல்லாக் கப்பலுக்கும் ஒரே அளவுக் குண்டு, குழல்கள் பெரும்பாலும் அசையாதவை. கப்பலையே திருப்பித்தான் குறிபார்க்க வேண்டும். மற்றதில் நிஜப் பீரங்கியின் பருமனுக்கேற்ப குண்டின் பருமனும் மாறும், பீரங்கி மேடையும் சுழலும்.

எந்த மரபானாலும் சிக்கல் ஒன்றே. கரையில் நிற்பவர் தன் கப்பலையும் எதிரியையும் பக்கவாட்டிலிருந்து, சாய்வாகப் பார்க்கிறார். குழல் எதிரியின் நடுவயிற்றுக்கு நேராக இருக்கிறதா, வாலுக்கு நேராக இருக்கிறதா என்பது அங்கிருந்து பிடிபடாது. சுட்டுப் பார்த்து, தண்ணீர் எங்கே தெறிக்கிறது என்று கவனித்துத் திருத்த வேண்டும். உலகப் போர்க் காலத்துக் கடற்படைகளும் அப்படித்தான் செய்தன. குண்டு விழுந்து எழும்பும் நீர்த்தூணைப் பார்த்தே அடுத்த சுற்றைத் திருத்தினார்கள். ஆனால் அவர்களிடம் தொலைவுமானியும் இருந்தது. ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோவில் இருந்தது 15 மீட்டர் அகலம். மாதிரிக் கப்பல் ஓட்டுபவரிடம் இருப்பது இரண்டு கண்ணும் கொஞ்சம் அனுபவமும்.

லேசர் வந்து செய்கிற வேலை இங்கேதான். எதிரியின் பக்கச்சுவரில் ஒரு பொட்டு வைக்கிறது. கரையில் எந்த மூலையில் நின்றாலும் அந்தப் பொட்டு தெரியும். ஆக, இது பார்க்கிற கருவி அல்ல, குறி வைக்கிற கருவி. "குறி" இருக்கட்டும், "நோக்கி" போகட்டும் என்பது என் கட்சி.

> "சீரொளி வழிகாட்டி" என்றால் என்ன?

வேண்டாம் அம்மா. குழலை விட்ட குண்டுக்கு யாரும் வழிகாட்டுவதில்லை. பறக்கும்போதே லேசரைப் பின்தொடர்ந்து திரும்புகிற ஏவுகணைகள் வேறு. அந்தச் சொல் அவற்றுக்குத் தேவைப்படும்.

> கொத்தனார் நூல் பிடிக்கிற மாதிரிதானே இது? "ஒளிநூல்" எனலாமே.

படித்ததும் ஆசையாகத்தான் இருந்தது. டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் நூலை விட்டுவிட்டு லேசருக்கு வந்து நாளாயிற்று. ஆனால் ஒளிநூல் என்றதும் ஒளியியல் புத்தகம் என்று ஒருவர் படிப்பார். அதைவிடப் பெரிய தடை, அந்த நூல் சொல்கிற நேர்கோட்டில் குண்டு போவதில்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லின் தேர்வே இதில்தான் இருக்கிறது. குண்டு வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டரைக் கடக்க 0.06 வினாடி. அதற்குள் புவியீர்ப்பு அதை 1.8 செ.மீ. கீழே இழுத்துவிடும். லேசர், குழலுக்கு 2 செ.மீ. மேலே, இணையாகப் பொருத்தியிருந்தால், பொட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவே ஏறக்குறைய 4 செ.மீ. இடைவெளி விழும். நிஜக் கப்பலின் அளவில் அது ஐந்தரை மீட்டர். லேசரைச் சற்றுத் தாழ்த்திப் பொருத்தினால் ஏதாவது ஒரு தொலைவில் பொட்டும் ஓட்டையும் கூடும். அதற்கு முன்னும் பின்னும் விலகும். அமெரிக்க மன்றங்களில் வழங்கும் புள்ளிக் கணக்கு ஒன்றில் நீர்க்கோட்டுக்கு மேலே விழும் ஓட்டைக்கு 10, கோட்டின்மேல் 25, கோட்டுக்குக் கீழே 50. அதனால் கெட்டிக்கார ஆட்டக்காரர் பொட்டை நீர்க்கோட்டுக்கு மேலே வைத்து, ஓட்டையைக் கீழே வாங்குவார். பொட்டு வேறு, அடி வேறு என்று தெரிந்தவருக்கே லேசர் பயன்படும்.

என் முன்மொழிவு: கருவிக்குக் குறியொளி. அது வைக்கும் பொட்டுக்கு ஒளிக்குறி. குறி என்றால் குறி சொல்வதும் நினைவுக்கு வருமே என்பவர்களுக்கு: குண்டு எங்கே விழும் என்று இது சொல்வதும் பாதி குறிசொல்லல்தான். "லேசர்" பெயருக்குள் வர வேண்டியதில்லை. வேண்டும் இடத்தில் லேசர் குறியொளி என்று முன்னொட்டிக்கொள்ளலாம்.

எதற்கு இரண்டு சொல் என்று கேட்பீர்கள். பாதுகாப்புக்காக. பால்சா மரத்தில் விழுந்து சிதறும் பொட்டைப் பார்ப்பதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. கருவியிலிருந்து நேராக வரும் கதிர்தான் ஆபத்து. அது பொட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. எதிரி விலகிப்போனால் கதிர் எதிர்க்கரைக்குப் போகும். தண்ணீரை மிகச் சாய்வாகத் தொடும் கதிர் உள்ளே இறங்குவதைவிடத் தெறித்துப் போவதுதான் மிகுதி. கப்பல் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் சாயும், உட்பக்கத்துக் குழல்கள் மேலே தூக்கும். 10 பாகை தூக்கினால் 10 மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கதிர் 1.76 மீட்டர் உயரத்தில் வரும். அது ஏறக்குறைய ஆளின் கண் உயரம். கரையில் எல்லோரும் மாட்டியிருக்கும் காப்புக் கண்ணாடி பால்ரஸைத் தடுக்கும், ஒளியைத் தடுக்காது. 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட 2-ஆம் வகுப்பு லேசரானால் கால் வினாடியில் இமை மூடிக் காத்துவிடும். ஆனால் நடுப்பகலில் அந்தச் சிவப்புப் பொட்டு தெரியவே தெரியாது. தெரியட்டும் என்று வலுவைக் கூட்டுவார்கள், அங்கேதான் வம்பு. பச்சைக்குப் போவது அதைவிட நல்லது. அதே வலுவில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

என்னைக் கேட்டால் குறியொளியின் சரியான இடம் பட்டறை மேசை. குழல்களையெல்லாம் ஒரே திசைக்குக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, லேசரைக் கழற்றி வைத்துவிட்டுக் குளத்துக்குப் போகலாம். அந்த வேலைக்குத் தனிச்சொல் ஆக்க வேண்டாம். "குழல்களை நேர்ப்படுத்துதல்" என்றாலே புரிகிறது.

அன்புடன்

*

வணக்கம் ஐயா.

குறியொளி நல்லாயிருக்கு. ஆனால் ஒளிக்குறியை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எழுத்தில் பிரித்தறியலாம், கரையில் நின்று கத்தும்போது ஆருக்கும் விளங்காது. பாதுகாப்புக்காக இரண்டு சொல் என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டையும் குழம்பும்படி ஆக்குவது சரியில்லை. உங்கள் மடலில் முழுக்கப் "பொட்டு" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? ஒளிப்பொட்டு போதுமே.

இன்னொன்று. "பால்ரஸ்" எங்கட இலங்கைப் பக்கம் விளங்காது. நாங்கள் சன்னம் என்போம், ஆனால் அது போரோடு ஒட்டிய சொல். விளையாட்டுக் கட்டுரையில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. "இரும்புக் குண்டு" என்று வைத்தால் இரண்டு கரைக்கும் பொது.

லேசரைக் குளத்தில் வேண்டாம் என்பதில் மட்டும் உடன்பாடில்லை. புதிதாய் வருகிறவர் ஒரு மணி நேரம் சுட்டும் ஒன்றும் படாமல் திரும்பினால் மறுமுறை வரமாட்டார். பயிற்சிக்கு, எதிர்க்கரையில் ஆளில்லாதபோது, வலுக்குறைந்த லேசரை அனுமதிக்கலாம்.

*

ஒளிப்பொட்டு ஏற்கத்தக்கது. இரும்புக் குண்டு என்பதும் சரி, பால்ரஸ் என் பேச்சில் மட்டும் இருந்துகொள்ளட்டும்.

பயிற்சி பற்றிச் சொன்னதற்கு மறுப்பில்லை, ஒரு கட்டுப்பாட்டோடு: கப்பல் நின்று சுட வேண்டும், திரும்பிக்கொண்டே அல்ல. சாய்வுதான் கதிரைத் தூக்குகிறது என்பதால் அது போதும். கட்டுரைக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

"குழலுக்கு மேலே இணையாகப் பொருத்திய குறியொளி எதிரிக் கப்பலின் பக்கச்சுவரில் ஒளிப்பொட்டு வைக்கும். இரும்புக் குண்டு அந்தப் பொட்டுக்குக் கீழே படும். எவ்வளவு கீழே என்பது தொலைவைப் பொறுத்தது. கப்பல் திரும்பத் தொடங்கும் முன் குறியொளியை அணைக்க வேண்டும்."

பீரங்கி மேடைக்கு "சுழல்மேடை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அசையாத குழல்கள் உள்ள மரபில் அது சுழலாது. அதைத் தனி இழையில் பேசுவோம்.