சின்ன வயதில் மெட்ராஸை முதன்முதலாகப் பார்த்தது: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கோவில்பட்டிக்காரன்:
நம்மில் பாதிப் பேர் எழும்பூரில்தான் இறங்கியிருப்போம், அதனால் ரயில் கதையை நீட்டவில்லை. 1986, முழுப்பரீட்சை லீவு, எனக்கு எட்டு வயது. அத்தையோடு வந்தேன். தாம்பரம் தாண்டியதும் பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில் கூடவே ஓடிவந்தது, வாசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு. எழும்பூரில் பிளாட்பாரத்தை ஒட்டியே கார் வந்து நின்றது. ஸ்டேஷனுக்குள்ளேயே கார்! இதையெல்லாம் ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாதது ஒன்று உண்டு.

வெளியே வரும் வழியில் ஒருவர் குப்புறக் கிடந்தார். வேட்டி விலகியிருந்தது. வாயோரம் ஈ. கூட்டம் அவர்கிட்டே வந்ததும் இரண்டாகப் பிரிந்து, அந்தப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. போர்ட்டர் ஒருவர் தலைச்சுமையோடு அவர் காலைத் தாண்டிப் போனார். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே நாலு பேர் "எங்க, தூரமா?" என்று கேட்பார்கள்.

"அத்தை, அவர் செத்துட்டாரா?"

"பாக்காத, வா."

அத்தை இரக்கமில்லாதவர் இல்லை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பவர். அவரையே அந்த ஊர், ஸ்டேஷன் வாசலைத் தாண்டுவதற்குள் "பாக்காத" என்று சொல்ல வைத்துவிட்டது. அந்த மனிதர் தூங்கினாரா, இல்லையா என்று இன்றும் யோசிக்கிறேன்.

பண்ருட்டிப் பெண்:
1991 தீபாவளிக்குத் துணி எடுக்க ரங்கநாதன் தெரு. அந்தத் தெருவைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஆறு வயசுப் பிள்ளை கண்ணுக்கு என்ன தெரியும் என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? கடை தெரியாது, வானமும் தெரியாது. இடுப்பு, கட்டைப்பை, வியர்வையில் நனைந்த சட்டை முதுகு. மூச்சு விடவே அண்ணாந்து பார்க்க வேண்டும். நான் அம்மாவின் ஊதாப் புடவையை மட்டும் பார்த்து நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் புடவை திரும்பியது. வேறு யாரோ.

அழுதேனா என்று நினைவில்லை. தரையில் சாக்கு விரித்து ஹேர்பின், ரிப்பன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஏந்திருக்காத கண்ணு. உங்கம்மா திரும்பி இதே வழியாத்தான் வரும்." அவ்வளவுதான் சொன்னார். வியாபாரத்தை நிறுத்தவில்லை. ஒரு கையால் ஹேர்பின் அட்டையை எடுத்து நீட்டுவார், இன்னொரு கை என் பாவாடை நுனியைப் பிடித்தபடியே இருந்தது. அம்மா வந்தார், முதுகில் ஒன்று வைத்தார், இழுத்துக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்தார். அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் போனபோது அந்த இடத்தில் வேறொருவர் கர்ச்சீப் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்தது இன்றுவரை உறுத்துகிறது.

சூளைமேடு வாசி:
எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. காணும் பொங்கல், மெரினா. எம்.ஜி.ஆர். சமாதியில் கடிகாரச் சத்தம் கேட்கும் என்று கல்லில் காதை வைத்தோம். தலையைத் தூக்கினால் தம்பியைக் காணோம். சாயங்காலம் போலீஸ் பந்தலில் கிடைத்தான்.

பிள்ளைகளோடு சென்னை வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் தயவுசெய்து தி.நகருக்குக் குழந்தையைக் கூட்டிவராதீர்கள். வந்தே ஆக வேண்டும் என்றால் வார நாளில், கடை திறக்கும் நேரத்தில் வாருங்கள். காணும் பொங்கல் அன்று மெரினாவில் போலீசாரே குழந்தைகள் கையில் பெயர், போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். மற்ற நாட்களில் பால்பாயின்ட் பேனாவால் முழங்கைக்கு உள்பக்கம் நீங்களே எழுதிவிடுங்கள்; உள்ளங்கையில் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும். பாக்கெட்டில் சீட்டு வைத்தால் மட்டும் போதாது, பிள்ளைக்கு அதை எடுத்துக் காட்டத் தோன்றாது. கிளம்பும்போதே செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், என்ன சட்டை போட்டிருந்தான் என்பது பதற்றத்தில் மறந்துபோகும். 1098 குழந்தைகள் உதவி எண், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள். முக்கியமாக, தொலைந்தால் தேடி அலையாதே, நின்ற இடத்திலேயே நில் என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

அப்புறம், கோவில்பட்டிக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. எழும்பூரில் விடியற்காலையில் தரையில் படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், இல்லை இரவு வேலை முடித்த கூலிகள். எழுப்பாமல் தாண்டிப் போவதும் ஒரு மரியாதைதான்.

கோவில்பட்டிக்காரன்:
வாயில் ஈ மொய்த்தால்கூடவா? நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் குனிந்து பார்த்திருந்தால் நான் இதை இங்கே எழுதியிருக்கவே மாட்டேன்.

பண்ருட்டிப் பெண்:
சூளைமேடு சார், நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் 1991-ல் 1098-ம் இல்லை, செல்போனும் இல்லை. என்னைக் காப்பாற்றியது அந்த அக்கா. "நின்ற இடத்திலேயே நில்" என்பதும் அந்தத் தெருவில் நடக்காது, கூட்டம் நிற்க விடாது, தள்ளிக்கொண்டே போய்விடும். என் மகளுக்கு நான் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்து விற்கிற அக்காவிடம் போய் உட்கார். கூடையோடு நடந்து விற்பவர் பத்து நிமிஷத்தில் வேறு தெருவில் இருப்பார். சாக்கு விரித்தவர் பொழுது சாயும்வரை அங்கேயேதான் இருப்பார்.

தாராவி நெல்லை:
மெட்ராஸ் இல்லை, பம்பாய். மன்னிக்கவும், ஆனால் இங்கேதான் சொல்லத் தோன்றுகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த புதிது. அம்மா தாதர் மார்க்கெட்டில் பூ எடுத்து, கட்டி விற்பார். சயானில் லேடீஸ் பெட்டியில் ஏறினோம். தாதர் வந்ததும் இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் ஒன்றாக மோதியது. அம்மா வெளியே போய்விட்டார், நான் உள்ளே. அங்கே வண்டி அரை நிமிஷம் நின்றாலே அதிகம். "பச்சா! பச்சா!" (குழந்தை, குழந்தை) என்று பெட்டி முழுக்கக் கூச்சல். யாரோ அக்குளில் கைவைத்துத் தூக்கினார்கள். அப்புறம் என் கால் தரையில் படவே இல்லை. தலைகளுக்கு மேலே, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. எத்தனையோ வளையல்கள் என் மேல் உரசிக்கொண்டு போயின. வண்டி நகர ஆரம்பித்தபோது நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன். ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. அவர்களில் யாருக்கும் என் பாஷை தெரிந்திருக்காது.

பெரம்பூர்ப் பேரன்:
பம்பாயைச் சொன்னதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோவில்பட்டி அண்ணே, உங்களுக்கும்தான். மெட்ராஸில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று நானும் வந்த புதிதில் நினைத்தேன். நான் அரியலூர்ப் பக்கம். எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் நம்மிடம் வந்து டிக்கெட் கொடுப்பார். இங்கே 29சி-யில் ஏறினால் கண்டக்டர் பின்னால் தன் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தாத்தா பத்து ரூபாய் நோட்டை எடுத்து, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, "பெசன்ட் நகர் ஒண்ணரை" என்றார். எனக்குப் பகீரென்றது. தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன், பணம் போகிறது என்று. அந்த நோட்டு தோள் தோளாகப் பின்னால் போனது. அதை வாங்கிக் கொடுத்தவர்கள் ஜன்னலைப் பார்த்தபடியே கொடுத்தார்கள், ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் கை மாறி வந்து சேர்ந்தன. தாத்தா அப்படியே ஜிப்பாவில் போட்டுக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பெசன்ட் நகரில் இறங்கியதும் சில்லறையை வாங்கி எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.