வீட்டு உறக்கப் பரிசோதனை ‘இயல்பு’ என்று சொன்னால் நம்பலாமா?

கேள்வி:
வணக்கம். என் தந்தைக்கு 58 வயது. உறக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று, பிறகு திணறிக்கொண்டு விழிப்பதை அம்மா பலமுறை பார்த்திருக்கிறார். பகலிலோ செய்தித்தாளை விரித்தபடியே கண்ணயர்ந்துவிடுகிறார். மூக்கில் குழாய், மார்பில் பட்டை, விரலில் ஆக்சிமீட்டர் என அமைந்த கருவியை ஓர் இரவு வீட்டில் அணிந்ததில், மூச்சுத்தடை ஒரு மணி நேரத்துக்கு 4 முறை என்றும், 5-க்குக் குறைவாதலால் இயல்பு என்றும் அறிக்கை வந்துள்ளது. ஆனால் விடியற்காலையில் மூக்குக் குழாய் தலையணைக்கு அடியில் கிடந்தது.

பதில் 1:
உறக்க ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். இவ்வகைக் கருவியில் மூளை அலைப் பதிவு இல்லாததால், அணிந்தவர் உறங்கினாரா, விழித்தே கிடந்தாரா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே தடைகளின் எண்ணிக்கையை உறங்கிய நேரத்தால் வகுக்காமல், பதிவான நேரத்தால் வகுக்கிறது. 7 மணி நேரப் பதிவில் 84 தடைகள் என்றால் மணிக்கு 12, அதாவது லேசானது. அவர் உண்மையில் உறங்கியது 5 மணி நேரமே என்றால் அது 16.8 ஆகி, 15-ஐத் தாண்டி, மிதமான நிலைக்குப் போய்விடும். மேலும், ஆக்சிஜன் குறையாமல் உறக்கத்தை மட்டும் கலைக்கும் மூச்சுக் குறைவுகளும் கணக்கில் வராமல் நழுவுகின்றன. பிழை பெரும்பாலும் குறைத்துக் காட்டும் பக்கமே சாய்வதால், தெளிவான அறிகுறிகள் உள்ளவருக்கு ‘நோய் உண்டு’ என்று வரும் முடிவை நம்பும் அளவுக்கு ‘இல்லை’ என்பதை நம்ப முடியாது.

பதில் 2:
ஆய்வகமும் குறையற்றது அன்று. உடலெங்கும் ஒயர்களோடு, பழகாத கட்டிலில் என் கணவர் உறங்கியது கொஞ்ச நேரமே. வீட்டில் அவர் வழக்கம்போல் மல்லாந்து படுத்த இரவில் பதிவான தடைகளின் எண்ணிக்கைதான் கூடுதலாக இருந்தது. எந்த முறையானாலும் ஓர் இரவு மற்றோர் இரவைப் போல் இருப்பதில்லை.

பதில் 3:
அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடைக்கு வாய்ப்புள்ள, வேறு சிக்கல் இல்லாத பெரியவர்களுக்கே வீட்டுப் பரிசோதனையை ஏற்கிறது; முடிவு ‘இல்லை’ என வந்தாலோ, பதிவு சரியில்லை என்றாலோ, ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. மூச்சோட்டமும் ஆக்சிஜன் அளவும் குறைந்தது 4 மணி நேரம் ஒழுங்காகப் பதிவாகியிருக்க வேண்டும். அறிக்கையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். ஆக்சிமீட்டர் 6 மணி 40 நிமிடம். மூச்சோட்டம் 2 மணி 50 நிமிடம் மட்டுமே. ஆய்வகப் பரிசோதனைக்கு எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்கப் போகிறேன்.